பழவேற்காடு ஏரி நீரில் அயனிகள்

பழவேற்காடு ஏரி, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரவியுள்ள உவர்நீர்க் காயல் ஆகும். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கி.மீ. நீளமுடையது, சராசரி ஆழமோ ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஸ்ரீஹரிகோட்டா தீவு இதனை வங்கக்கடலிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணி ஆறும், வடமேற்கே காளங்கி ஆறும், வடக்கே சுவர்ணமுகியின் கிளையும் இதில் நன்னீரைச் சேர்க்கின்றன. முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் வந்து போகிறது.

இந்த ஏரியில் எந்த மாதத்தில் எந்த மீன் கிடைக்கும், எந்த ஆண்டில் வலை வெறுமையாகத் திரும்பும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது நீரின் உப்பு. உப்பு என்பது நீரில் தனித்தனியே திரியும் அயனிகளின் கூட்டம். அணு எவ்வாறு அயனியாகிறது என்று பள்ளிப் பாடத்தில் கற்பதை, இந்த ஏரியையும் அதன் கரையிலுள்ள மீனவர் குப்பங்களையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

அணுவும் அயனியும்

அணுவின் கருவில் நேர்மின்சுமையுடைய புரோட்டான்களும், கருவைச் சுற்றி எதிர்மின்சுமையுடைய எலக்ட்ரான்களும் உள்ளன. அணுவில் இரண்டின் எண்ணிக்கையும் சமம். ஆகவே அணு மின்நடுநிலை உடையது. இந்தச் சமநிலை குலைந்தால் கிடைப்பது அயனி. எலக்ட்ரான் குறைந்தால் நேர் அயனி, கூடினால் எதிர் அயனி. புரோட்டான்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. அது மாறினால் தனிமமே மாறிவிடும். "சோடியம் ஒரு புரோட்டானைப் பெற்று நேர் அயனி ஆகிறது" என்று விடைத்தாள்களில் எழுதப்படுவது தவறு. இழப்பதும் பெறுவதும் எலக்ட்ரான்களை மட்டுமே.

சோடியத்தில் 11 புரோட்டான்களும் 11 எலக்ட்ரான்களும் உள்ளன. எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்ற வரிசையில் அமைந்துள்ளன. வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானை இழந்தால் 10 எலக்ட்ரான்களும் 11 புரோட்டான்களும் மிஞ்சும். அதுவே ஒற்றை நேர்மின்சுமையுடைய சோடியம் அயனி. குளோரினில் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என அமைந்துள்ளன. ஒன்றைப் பெற்றால் 18 ஆகி, ஒற்றை எதிர்மின்சுமையுடைய குளோரைடு அயனி ஆகும். மெக்னீசியமும் கால்சியமும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து இரட்டை நேர்மின்சுமை பெறுகின்றன.

அயனி ஆகும்போது அளவும் மாறுகிறது. சோடியம் அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர். வெளிக்கூடே போய்விடுவதால் அயனியின் ஆரம் 102-ஆகச் சுருங்குகிறது. குளோரின் அணுவின் ஆரம் 99. கூடுதல் எலக்ட்ரானின் விலக்கு விசையால் குளோரைடு அயனி 181-ஆக விரிகிறது. குணமும் அடியோடு மாறுகிறது. சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பற்றும். குளோரின் நச்சு வாயு. இவற்றின் அயனிகள் சேர்ந்ததைத்தான் கருவாடு போட மீனில் அடைக்கிறார்கள்.

சோடியம் எலக்ட்ரானைத் "தர விரும்புகிறதா"?

எட்டு எலக்ட்ரான் அமைப்பை அடையும் விருப்பத்தால் சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது என்று வகுப்பறையில் சொல்வது வழக்கம். நினைவில் வைக்க இது உதவும். ஆனால் காரணம் இதுவல்ல. தனித்த சோடியம் அணு எலக்ட்ரானைத் தானாக விடுவதில்லை. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்க 496 கிலோ ஜூல் ஆற்றல் செலவிட வேண்டும். இதுவே அயனியாக்கும் ஆற்றல். குளோரின் அணுக்கள் அந்த எலக்ட்ரான்களைப் பெறும்போது வெளிவருவது 349 கிலோ ஜூல் மட்டுமே. கொடுக்கல் வாங்கலை மட்டும் பார்த்தால் 147 கிலோ ஜூல் நட்டம்.

நட்டத்தை ஈடுகட்டுவது அடுத்த படி. உருவான நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் ஒன்றையொன்று ஈர்த்து, ஒழுங்கான படிகமாக அடுக்கப்படும்போது மோல் ஒன்றுக்கு 787 கிலோ ஜூல் வெளிவருகிறது. இது படிகக்கூடு ஆற்றல். ஆகவே, அயனிகள் உருவாவதன் இலாபம் எட்டு என்ற எண்ணில் இல்லை. எதிரெதிர் மின்சுமைகள் அருகருகே வந்து சேர்வதில்தான் இருக்கிறது. மேல்நிலை வகுப்பு மாணவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டால், பிறகு மனப்பாடம் செய்யத் தேவையிராது.

உப்பு கரையும்போது நடப்பது

உப்பு நீரில் கரையும்போது அயனிகள் "உருவாகின்றன" என்பது இன்னொரு பரவலான தவறு. உப்புக் கல்லுக்குள் ஏற்கனவே அயனிகளே உள்ளன. நீர் அவற்றைப் பிரித்துவிடுகிறது, அவ்வளவே. நீர் மூலக்கூறில் ஆக்சிசன் பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும், ஐதரசன் பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் கொண்டது. சோடியம் அயனியை ஆக்சிசன் பக்கங்களும், குளோரைடு அயனியை ஐதரசன் பக்கங்களும் சூழ்ந்துகொள்கின்றன. படிகத்தைக் கலைக்கத் தேவையான ஆற்றலை இந்தச் சூழ்தல் ஏறக்குறைய முழுவதும் தந்துவிடுகிறது. உப்பைக் கரைத்த நீர் கொதிக்காமலும் உறையாமலும், மிகச் சிறிதளவே குளிர்வதற்கு இதுவே காரணம்.

ஒரு தேக்கரண்டிக்குச் சற்றேறக்குறைய வரும் 5.85 கிராம் உப்பில், 6-ஐ அடுத்து 22 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணிக்கையில் சோடியம் அயனிகளும், அதே எண்ணிக்கையில் குளோரைடு அயனிகளும் உள்ளன.

அயனி என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லை 1834-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. "செல்வது" என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. மின்சாரம் பாய்ச்சினால்தான் அயனிகள் தோன்றும் என அப்போது கருதப்பட்டது. மின்சாரமே இல்லாமலும் கரைசலில் அவை பிரிந்தே இருக்கின்றன என்று சொன்னவர் சுவீடனின் சுவாந்தே அரீனியசு. 1884-இல் உப்சாலாவில் அவர் அளித்த ஆய்வேட்டுக்கு மிகத் தாழ்ந்த தரமே கிடைத்தது. அதே கருத்துக்காக 1903-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். எலக்ட்ரான் 1897-இல்தான் கண்டறியப்பட்டது. எலக்ட்ரானை அறியாமலேயே அயனியை அறிந்தவர்கள் அவர்கள்.

ஏரியின் அயனிகள் எங்கிருந்து வந்தன?

பழவேற்காடு ஏரியில் சோடியம் அணுவும் குளோரின் அணுவும் சந்தித்து எலக்ட்ரானை மாற்றிக்கொண்ட நிகழ்வு ஒருபோதும் நடந்ததில்லை. பாறைக் கனிமங்களில் சோடியம், கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியன முதலிலிருந்தே அயனிகளாகவே பிணைந்துள்ளன. மழைநீர் பாறையை அரிக்கும்போது அவை விடுபட்டு ஆற்றோடு கடலுக்கு வந்தன. குளோரைடின் பெரும்பகுதி, பூமியின் தொடக்க காலத்தில் எரிமலைகள் வெளியிட்ட ஐதரசன் குளோரைடு வாயு நீரில் கரைந்து பிரிந்ததால் வந்தது.

கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் உள்ளன. அதில் குளோரைடு 19.4 கிராம், சோடியம் 10.8, சல்பேட்டு 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். இந்த ஆறும் சேர்ந்தாலே 99 விழுக்காட்டுக்கு மேல் ஆகிவிடும். உலகின் எந்தக் கடலில் மொண்டாலும் இவற்றின் விகிதம் மாறுவதில்லை என்பதை, சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிச் சேகரித்த நீரில் 77 மாதிரிகளைப் பகுத்து வில்லியம் டிட்மர் 1884-இல் உறுதிசெய்தார். ஆற்று நீரின் கதை வேறு. அதில் அயனிகள் மிகக் குறைவு. இருப்பவற்றிலும் கால்சியமும் பைகார்பனேட்டுமே பெரும்பாலும் முன்னிற்கும். பழவேற்காட்டில் இந்த இரண்டு நீரும் ஆண்டு முழுவதும் மாறிமாறிக் கலக்கின்றன.

பருவமும் உப்பும்

கடல்நீரின் உப்பு பெரிதாக மாறுவதில்லை. ஏரியின் உப்போ ஆண்டுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வருகிறது. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆறுகள் பெருகும்போது ஏரியின் சில பகுதிகளில் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையின் முடிவில் கிலோவுக்கு 50 கிராமையும் தாண்டிய உப்பு அளவிடப்பட்டுள்ளது. அது கடலைவிட ஒன்றரை மடங்கு உவர்ப்பு.

கடலோடு இணைந்த ஏரி எப்படிக் கடலைவிட உவர்ப்பாகும் என்ற கேள்விக்கு விடை அயனியின் இயல்பில் உள்ளது. நீர் மூலக்கூறு மின்நடுநிலையானது; வெயிலில் ஆவியாகி மேலே போய்விடும். மின்சுமை கொண்ட அயனியை நீர் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. சாதாரண வெப்பத்தில் அது ஆவியாவதே இல்லை. அயனி ஏரியை விட்டு வெளியேற ஒரே பெரிய வழிதான் உண்டு: முகத்துவாரம்.

எளிய கணக்கு ஒன்று போதும். ஒரு மீட்டர் ஆழத்தில் கடல்நீர் தேங்கி, முகத்துவாரம் அடைபட்டிருப்பதாகக் கொள்க. நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் ஆவியானால், 67 நாள்களில் மூன்றில் ஒரு பங்கு நீர் போய்விடும். உப்பு முழுவதும் மிஞ்சிய நீரில் நிற்கும். 35 கிராம் இருந்த இடத்தில் 52.5 கிராம். ஏரி ஆழமாக இருந்தால் இதே வெயிலில் உப்பு இவ்வளவு ஏறாது. பத்து மீட்டர் ஆழமுள்ள நீர்நிலையில் அதே 67 நாள்களில் 35 என்பது 36-ஐக்கூடச் சற்றுதான் தாண்டும். மணலும் சேறும் படிந்து ஏரி ஆழமிழப்பதும், முகத்துவாரம் அடைபடுவதும் ஒரே தொல்லையின் இரண்டு பக்கங்கள் என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

உப்பளத்தில் வேண்டுமென்றே செய்வதும் இதையேதான். மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் பாத்தியில் கடல்நீரையோ உவர்நிலத்தடி நீரையோ தேக்கி வெயிலில் வற்றவிடுகிறார்கள். முதலில் கால்சியம் கார்பனேட்டும், பிறகு ஜிப்சமும் படியும். கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சோடியமும் குளோரைடும் மீண்டும் கைகோத்துக் கல்லாகின்றன. மெக்னீசியம் கடைசிவரை கசப்பு நீரிலேயே நிற்கும். உப்பளத்துக்கு வாய் அடைபட்டிருப்பது நல்லது. மீன்பிடி ஏரிக்கு அதுவே கேடு.

முகத்துவாரம்

முகத்துவாரத்தை அடைப்பது உப்பு அன்று, மணல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. மழைக்கால வெள்ளமும் அன்றாட ஓதமும் இந்த மணலைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் வாய் திறந்திருக்கும். சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். ஆற்று வரத்தும் குறைந்துவிடும் கோடையில், மணலைத் தள்ள நீருக்கு வலுப் போதாது. மணல்திட்டு வளர்ந்து வாயை மூடுகிறது.

அப்போது நிகழும் கேடு உப்பு ஏறுவதோடு நிற்பதில்லை. வெள்ளை இறாலும் புலி இறாலும் கடலில் முட்டையிடுபவை. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். மடவை மீனும் இதே போக்குவரத்தை நம்பியதுதான். வாய் மூடினால் குஞ்சும் வராது, உள்ளே உள்ளதும் தேறாது. கடலில் மீன்பிடிக்கும் படகுகளும் ஏரியிலிருந்து வெளியே போக முடியாது.

பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களிடையே நடைமுறையில் உள்ள "பாடு" முறையை இங்கே குறிப்பிட வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பிடிப்பு இடங்களில் யார், எந்த நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு இது. ஆய்வாளர்கள் பலர் இதைப் பற்றி எழுதியுள்ளனர். பெரும்பாலும் உரிமை, சாதி, சச்சரவு என்ற கோணத்தில். ஆனால் முறைவைத்துப் பகிரும் அளவுக்கு அந்த இடங்கள் ஏன் மதிப்புப் பெற்றன என்று கேட்டால், விடை நீரோட்டத்தில் இருக்கிறது. கடலின் நீரும் ஏரியின் நீரும் ஓதத்தோடு மாறும் அந்த இடுக்கில்தான் இறால் கூட்டமாகக் கடந்து போகும். வாய் இடம் பெயர்ந்தாலோ தூர்ந்தாலோ, பாட்டில் முறை வந்த குடும்பத்துக்குக் கிடைப்பது வெறும் நாள்தான்.

முகத்துவாரம் மூடியபோதெல்லாம் மீனவர்கள் தாமே பணம் திரட்டி மணலை வெட்டித் திறந்ததுண்டு. தமிழ்நாடு அரசு, வாயின் இருபுறமும் நேர்கல் சுவர்கள் அமைத்து அதை நிரந்தரமாகத் திறந்துவைக்கும் பணியை எடுத்துக்கொண்டது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கட்டமைப்புகள் மணலின் போக்கை மாற்றுகின்றன என்பது அப்பகுதி மீனவர்களின் நீண்டநாள் முறையீடு. கடலுக்குள் நீளும் எந்தச் சுவரும் ஒரு பக்கம் மணலைச் சேர்க்கும், மறுபக்கம் கரையை அரிக்கும் என்பது கடற்கரைப் பொறியியலின் பாலபாடம். நேர்கல் சுவரும் இதற்கு விலக்கன்று. சுவர் எழுப்பியபின் அடுத்துள்ள குப்பங்களின் கரையைத் தொடர்ந்து அளந்து பார்ப்பதும் அந்தப் பணியின் ஒரு பகுதியாக இருந்தாக வேண்டும்.

மீனின் உடலில் நடக்கும் அயனிக் கணக்கு

எலும்புள்ள கடல்மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. சவ்வூடு பரவலால் மீனின் உடல்நீர் வெளியே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். கடலுக்குள் வாழும் மீன் உலர்ந்துபோகாமல் இருக்கக் கடல்நீரையே குடிக்கிறது; குடித்ததோடு வந்த சோடியத்தையும் குளோரைடையும் செவுளிலுள்ள தனிவகைச் செல்கள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீரில் நிலைமை தலைகீழ். நீர் உள்ளே புகும், அயனிகள் கசிந்து வெளியேறும். அப்போது மீன் குடிப்பதை நிறுத்தி, மிகுதியாகச் சிறுநீர் கழித்து, செவுள் வழியே அயனிகளை உள்ளே இழுக்க வேண்டும். ஏரியில் பருவந்தோறும் இரு திசையிலும் மாறத் தெரிந்த மடவை, பால்கெண்டை போன்றவையே நிலைத்து வாழ முடியும்.

இந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கு சோடியம்-பொட்டாசியம் பம்பு என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்சு ஸ்கௌ 1957-இல் இதைக் கண்டறிந்தது நண்டின் நரம்பில். 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் இதே பம்பு ஓடுகிறது. பழவேற்காட்டிலிருந்து சென்னைச் சந்தைக்குப் போகும் களிநண்டின் செவுளிலும் அதுவே.

பம்பு இலவசமாக ஓடுவதில்லை. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலைச் செலவிட்டே ஓடுகிறது. இறாலின் உடல்நீர் மீனின் இரத்தத்தைவிடச் செறிவானது. கடல்நீரைவிடச் சற்றுக் குறைந்த உப்புள்ள நீரில் அதற்குப் பம்பின் செலவு மிகக் குறைவு. கோடையில் உப்பு 50-ஐத் தொடும்போது, தின்பதில் பெரும்பகுதி அயனிகளை விரட்டவே போய்விடும், வளர்ச்சிக்கு மிஞ்சாது. உயிரோடு இருந்தும் சிறுத்திருக்கும் இறாலின் நிலை இது. உப்பு மிகுந்த நீரில் ஆக்சிசன் குறைவாகக் கரையும் என்பது கூடுதல் சுமை.

சிப்பிகளுக்குப் பம்பு அவ்வளவு கைகொடுப்பதில்லை. வெளிநீரின் உப்புக்கு ஏற்பவே அவற்றின் உடல்நீர் மாறும். வெள்ள நீர் வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். அந்த ஓடும் அயனிகளால் கட்டப்பட்டதே. நீரிலுள்ள கால்சியம் அயனியையும் கார்பனேட்டையும் சேர்த்துச் சிப்பி தன் வீட்டைக் கட்டுகிறது. பழங்காலச் சிப்பி ஓடுகள் ஏரியடியில் படுகையாகக் கிடக்கின்றன. அவற்றைத் தோண்டியெடுத்துச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இப்பகுதியின் பழைய தொழில்களில் ஒன்று.

சேற்றைப் படியவைக்கும் அயனிகள்

ஆற்று வெள்ளம் கொண்டுவரும் களிமண் துகள்களின் மேற்பரப்பு எதிர்மின்சுமை உடையது. நன்னீரில் அவை ஒன்றையொன்று விலக்கி மிதந்துகொண்டே இருக்கும். ஏரியின் உவர்நீரைத் தொட்டதும் சோடியம், மெக்னீசியம், கால்சியம் நேர் அயனிகள் துகள்களைச் சூழ்ந்து விலக்கத்தை மட்டுப்படுத்துகின்றன. துகள்கள் ஒட்டித் திரண்டு கனமாகி அடியில் படியும். இரட்டை மின்சுமை கொண்ட கால்சியமும் மெக்னீசியமும் இதில் சோடியத்தைவிடப் பன்மடங்கு திறன் வாய்ந்தவை. கலங்கிய நீரில் படிகாரம் கலக்கித் தெளியவைப்பதும் இதே வேலைதான். அங்கே மூன்று மின்சுமை கொண்ட அலுமினியம் அயனி. ஆற்று வாய்களை அடுத்து ஏரி விரைவில் மேடுதட்டுவதற்கு இந்தத் திரள்தல் ஒரு காரணம்.

அணு கண்முன்னே அயனியாகும் இடம்

ஏரி நீரில் அயனிகள் புதிதாக உருவாகவில்லை என்றால், குப்பத்தில் அணு அயனியாவதைக் காண இடமே இல்லையா? உண்டு. கரையில் கிடக்கும் நங்கூரத்தின் துருவைப் பார்த்தால் போதும். இரும்பில் உள்ளவை அணுக்கள். ஈரம் பட்ட இடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு, நேர் அயனியாக நீருக்குள் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறிடத்துக்குச் சென்று, நீரில் கரைந்த ஆக்சிசனோடு சேர்ந்து ஐதராக்சைடு அயனிகளைத் தருகின்றன. இரும்பு அயனியும் ஐதராக்சைடும் சந்தித்து, மேலும் ஆக்சிசனேற்றம் அடைந்து, செம்பழுப்புத் துருவாகின்றன.

உப்பு நீரில் இது விரைவாக நடப்பதற்குக் காரணம், சோடியமும் குளோரைடும் மின்னோட்டத்தின் சுற்றை நீர்வழியே முடித்துத் தருவதுதான். மழைநீரில் அந்தச் சுற்று மிகவும் மெதுவானது. படகு இயந்திரத்தின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டிக்கும் விளக்கம் இதுவே. துத்தநாகம், இயந்திரத்தின் அலுமினியத்தையும் இரும்பையும் முந்திக்கொண்டு எலக்ட்ரான்களை விட்டு அயனியாகக் கரையும், இயந்திரம் தப்பும். கட்டி தேய்ந்துபோனால் மாற்ற வேண்டும். வண்ணம் பூசி மறைத்தால் அது வேலை செய்யாது.

உப்பை அளத்தல்

நீரில் குளோரைடு இருப்பதைப் பள்ளி ஆய்வகத்திலேயே காட்டலாம். ஏரி நீரில் சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலும் சேர்த்தால், தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றும். அளவறிய, பொட்டாசியம் குரோமேட்டை நிறங்காட்டியாகக் கொண்டு தரம்பார்ப்பர். இதில் அமிலம் சேர்க்கக் கூடாது. குளோரைடு தீர்ந்ததும் செங்கல் நிறம் தெரியும். கடல்நீரில் அயனிகளின் விகிதம் மாறாது என்பதால், குளோரைடை மட்டும் அளந்து, கிலோவுக்கு இத்தனை கிராம் என்ற அந்த அளவை 1.80655-ஆல் பெருக்கி மொத்த உப்பைக் கணக்கிடும் வழக்கம் இருந்தது. பழவேற்காட்டில் ஆற்றுநீர் மிகுந்த நாள்களில் இந்தப் பெருக்கல் பிழையான விடை தரும். ஆற்றின் அயனி விகிதம் வேறு. இக்காலத்தில் மின்கடத்துத் திறனைக் கருவியால் அளப்பதே வழக்கம்.

கிணற்று நீர்

மணல்மேட்டுக் குப்பங்களில் ஆழமில்லாத கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைப்பது வியப்பாகத் தோன்றும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது கைபன்-ஹெர்ஸ்பர்க் கணக்கு. இதற்கு மறுபக்கமும் உண்டு. மிகுதியாக இறைத்து மேலே ஒரு சாண் இறங்கினால், கீழிருந்து உவர்நீர் பல மீட்டர் ஏறும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 மி.கி. வரை பொறுக்கலாம். கடல்நீரில் இது 19,000 மி.கி.க்கு மேல். நூறு குடம் கிணற்று நீரில் ஐந்து குடம் கடல்நீர் கலந்தாலே மேல் எல்லையை எட்டிவிடும். அப்படி உவர்த்த நீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும், அயனிகள் போகா. நீர் ஆவியாகக் குறைவதால் உப்பு சற்றுக் கூடவே செய்யும். துணியில் வடிகட்டினாலும் மணலில் வடிகட்டினாலும் அயனி தங்காது. அது அந்த இடுக்குகளைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி அயனிகளைப் பிரிக்கும். ஆனால் பிரித்த உவர்நீரை எங்கே விடுவது என்று பார்க்க வேண்டும். அதைக் கருவிக்கு அருகிலேயே மணலில் விட்டால், அடுத்த கிணற்றுக்குத்தான் அது போய்ச் சேரும்.